பழைய பெட்ரோல் காரில் பம்ப் கோளாறைக் கண்டறிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பெட்ரோல் கார் ஒன்று வழியில் நின்றுவிட்டாலோ, காலையில் எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தும் பிடிக்காமல் போனாலோ, பலரும் முதலில் சொல்வது "பம்ப் போயிருக்கும்" என்பதுதான். சில நேரங்களில் அது உண்மை. ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பம்பைப் பொருத்திய பிறகும் கோளாறு அப்படியே நீடிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இரண்டே அளவுகளை எடுத்திருந்தால் அந்தச் செலவைத் தவிர்த்திருக்கலாம். பம்புக்கு வந்து சேரும் மின்னழுத்தம் ஒன்று, பம்ப் அனுப்பும் பெட்ரோலின் அழுத்தம் மற்றொன்று. இவ்விரண்டையும் கோளாறு நிகழ்ந்துகொண்டிருக்கும் வேளையிலேயே அளக்க வேண்டும். 1998-இல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, 2000-ஆம் ஆண்டையொட்டி எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும்) எஞ்சினுக்கு மாறிய மாருதி 800, ஜென், அதே காலத்தில் வந்த ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்ற கார்களை மனத்தில் வைத்தே இங்குள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கார்புரேட்டர் கார்களுக்கும் டீசல் கார்களுக்கும் பின்னால் தனிப் பதில்கள் உண்டு.

பெட்ரோல் பம்ப் எங்கே இருக்கிறது? அது எப்படி வேலை செய்கிறது?

எம்பிஎஃப்ஐ கார்களில் பம்ப் பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அது 12 வோல்ட்டில் ஓடும் சிறிய மோட்டார். அடியில் வலை போன்ற ஸ்ட்ரெய்னர் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி, மோட்டாரின் உடலுக்குள்ளேயே செலுத்தி, மேல்முனை வழியாக ஃபில்டருக்கும் அங்கிருந்து இன்ஜெக்டர்கள் பொருத்தப்பட்ட ரெயிலுக்கும் அனுப்புகிறது. மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே பெட்ரோல்தான் என்பதால், டேங்க் எப்போதும் வற்றிய நிலையில் ஓடும் காரில் பம்ப் சீக்கிரம் தேய்கிறது. வெளியேறும் முனையில் உள்ள ஒருவழி வால்வு, எஞ்சினை நிறுத்திய பின்னும் குழாயில் அழுத்தம் இறங்காமல் காக்கிறது. ரெகுலேட்டர் அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் அந்த அளவு 3 பார், அதாவது சுமார் 43 பிஎஸ்ஐ. சில மாடல்களில் இது சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும் என்பதால், உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் கையேட்டில் உள்ள எண்ணையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ ஏறக்குறைய 2 வினாடிகள் பம்பை ஓட்டிவிட்டு நிறுத்திவிடும். எஞ்சின் சுழல்வதாக கிராங்க் சென்சார் தெரிவித்தால்தான் அது மீண்டும் ஓடும். விபத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பம்பும் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. கோளாறைத் தேடும்போது இந்த இரண்டு வினாடி மிகவும் பயன்படும்.

கெட்டுப்போகத் தொடங்கிய பம்ப் என்னென்ன அறிகுறிகளைக் காட்டும்?

தேயும் பம்ப் பெரும்பாலும் படிப்படியாகவே வலுவிழக்கிறது. சாதாரண வேகத்தில் நன்றாக ஓடும் கார், நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பிக்-அப் இல்லாமல் திணறும். கொல்லிமலை, ஏற்காடு போன்ற மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் முழுச் சுமையுடன் ஏறும்போது இழுவை விட்டுப்போய், காலைச் சற்று எடுத்தால் மீண்டும் வரும். ஐடிலிங்குக்குத் தேவைப்படும் பெட்ரோல் மிகக் குறைவு என்பதால், பாதி பலம் இழந்த பம்பாலும் அதைக் கொடுத்துவிட முடியும். சுமை ஏறும்போதுதான் அதன் இயலாமை வெளிப்படுகிறது. பின் சீட்டுக்கு அடியிலிருந்து முன்பு கேட்காத ரீங்காரம் கேட்பது, நண்பகல் நெரிசலில் நின்று நின்று ஓடிய பிறகு எஞ்சின் அணைந்து, அரை மணி நேரம் ஆறிய பின் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவது ஆகியவையும் வழக்கமான அறிகுறிகள்.

மைலேஜ் குறைவதை மட்டும் வைத்துப் பம்பைச் சந்தேகிக்க வேண்டாம். வலுவிழந்த பம்ப் எஞ்சினுக்குக் குறைவான பெட்ரோலைத்தான் கொடுக்கும். மைலேஜ் சரிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சார், கூலன்ட் வெப்பநிலை சென்சார், ஒட்டிப்பிடிக்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர் என்று வேறிடத்தில் இருக்கும்.

இதே அறிகுறிகள் வேறு காரணங்களாலும் வருமா?

வரும். அதனால்தான் அறிகுறியை மட்டும் நம்பிப் பம்பை மாற்றக் கூடாது. சூடேறியதும் நின்று, ஆறியதும் ஓடும் காரில் கிராங்க் சென்சாரும் இக்னிஷன் காயிலும் பம்புக்குச் சமமான சந்தேகத்துக்குரியவை. இழுவை இல்லாமை, புகைக்குழாயில் அடைபட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டராலும், கிளட்ச் வழுக்குவதாலும் வரலாம். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பதற்குப் பலம் குறைந்த பேட்டரியே போதும். பேட்டரி முனையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சார்ஜ் செய்த பிறகே மற்ற சோதனைகளைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

எஞ்சின் நிற்கும் விதமும் ஒரு தடயம். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் இக்னிஷன் அல்லது சென்சார் பக்கம் முதலில் பாருங்கள். இரண்டு மூன்று முறை குலுங்கி, தடுமாறி, பிறகு அணைந்தால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலே திடீரெனத் துண்டித்தாலும் ரெயிலில் மீதமிருக்கும் அழுத்தம் ஓரிரு நொடிகளுக்கு எஞ்சினை இழுத்துச் செல்லும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். இது முழு நிரூபணம் ஆகாது. எங்கிருந்து தொடங்குவது என்பதை முடிவு செய்ய உதவும்.

சோதனையைத் தொடங்கும் முன் என்ன எச்சரிக்கை தேவை?

குழாயைக் கழற்றும் எந்த வேலையையும் திறந்தவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, சற்றுத் தள்ளியிருக்கும் கேஸ் அடுப்பையோ பூஜை அறை விளக்கையோகூடச் சென்றடையும். வீட்டு வாசலில் வைத்து வேலை செய்பவர்கள் இதை மிகவும் கவனத்தில் கொள்ள வேண்டும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெளிச்சத்துக்குக் கம்பி இழை பல்ப் வேண்டாம். எல்இடி டார்ச் போதும்.

குழாயைத் திறக்கும் முன் அழுத்தத்தை இறக்க, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ உருவிவிட்டால் சில நொடிகளில் எஞ்சின் தானே நிற்கும். மேலும் இரண்டு மூன்று நொடி செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அப்போதும் இணைப்பைத் துணி சுற்றியே தளர்த்த வேண்டும்; கண்ணுக்குக் கண்ணாடி அணிவது நல்லது.

சாவியைத் திருப்பினால் பம்ப் சத்தமே கேட்கவில்லை. பம்ப் முடிந்துவிட்டது என்று பொருளா?

இன்னும் அந்த முடிவுக்கு வர முடியாது. ரேடியோ, ஏசி ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் டேங்க் மூடியைத் திறந்து காதை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். அந்த இரண்டு வினாடி ரீங்காரம் கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. பக்கத்தில் அதே எண் கொண்ட ரிலே ஹார்னுக்கோ ஃபேனுக்கோ இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஃபோர்டு, ஃபியட் கார்கள் சிலவற்றில் மோதலின்போது பெட்ரோலைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்தால்கூட அது தட்டிவிடும். அதன் தலையிலுள்ள பட்டனை அழுத்தினால் இணைப்பு மீண்டும் வந்துவிடும்.

இம்மொபிலைசர் உள்ள காரில், சாவியை அடையாளம் காணாத இசியூ எஞ்சினை ஓடவிடாது. டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு துடித்துக்கொண்டிருந்தால் பம்பைத் தொட வேண்டியதே இல்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. சாவியைத் திருப்பியதும் இரண்டு வினாடி சத்தம் கேட்கிறது, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்றால், பம்பும் ரிலேயும் நலம். கிராங்க் சென்சாரின் தகவல் இசியூவுக்குப் போகவில்லை. ஆர்பிஎம் மீட்டர் உள்ள காரில், செல்ஃப் அடிக்கும்போது முள் சிறிதும் அசையாமல் கிடந்தால் இந்தச் சந்தேகம் உறுதிப்படும்.

பம்புக்கு வரும் மின்னழுத்தத்தை எப்படிச் சரியாக அளப்பது?

பெரும்பாலான தவறான தீர்ப்புகள் இங்கேதான் நேர்கின்றன. கனெக்டரைப் பம்பிலிருந்து பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால், ஏறக்குறைய அறுந்துபோன வயரில்கூட 12 வோல்ட் காட்டும். ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயர், மீட்டருக்குத் தேவையான அற்ப மின்னோட்டத்தைக் கொடுத்துவிடும். பம்புக்குத் தேவையான நான்கைந்து ஆம்பியரைக் கொடுக்க அதனால் முடியாது. ஆகவே கனெக்டர் மாட்டிய நிலையிலேயே, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி முனையைச் செருகி அளக்க வேண்டும்.

முதலில் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், 13.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பம்பின் இரண்டு முனைகளுக்கு இடையே 13.3-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 12.5, 12 என்று இறங்கியிருந்தால் இடையில் எங்கோ தடை இருக்கிறது. எந்தப் பக்கம் என்று அறிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைப் பம்பின் எர்த் வயரிலும் வையுங்கள். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு துருவேறியிருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்தையும் அவ்வாறே, பேட்டரி பாசிட்டிவுக்கும் பம்ப் பாசிட்டிவுக்கும் இடையே அளந்தால், தவறு ரிலேயிலா, கனெக்டரிலா, வயரிலா என்று ஒவ்வொரு கட்டமாக நெருங்கிவிடலாம்.

நான் பார்த்த ஒரு சான்ட்ரோவில் பம்ப் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தும், பிற்பகலில் மட்டும் கார் நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டைத் தூக்கி, தகட்டு மூடியைக் கழற்றிக் கனெக்டரைப் பிரித்தபோது, நான்கு பின்களில் ஒன்றைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் சற்று உருகி வளைந்திருந்தது. பின் தளர்ந்து, அந்த இடத்திலேயே சூடாகி, பம்புக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தைத் தின்றுகொண்டிருந்தது. புதிய கனெக்டரைச் சாலிடர் செய்து பொருத்தியதும் கோளாறு நீங்கியது. பம்பை மாற்றும் முன் அந்தப் பின்னை ஒருமுறை உற்றுப் பார்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

அழுத்தத்தை அளக்க கேஜ் அவசியமா? குழாயைக் கழற்றிப் பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தால் போதாதா?

போதாது. பாட்டிலுக்குள் பெட்ரோல் பீய்ச்சி அடிப்பது பம்ப் சுழல்கிறது என்பதை மட்டுமே காட்டும். எதிர்ப்பு ஏதும் இல்லாத திறந்த குழாயில் 1 பார் அழுத்தம் மட்டுமே தரும் பம்பும் வேகமாகப் பீய்ச்சும். அந்தக் காட்சியை வைத்து 3 பார் வருகிறதா என்று எவராலும் சொல்ல முடியாது.

நம் ஊரில் ஓடும் பழைய சிறிய கார்கள் பலவற்றில் ரெயிலில் சோதனை முனை கிடையாது. ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் இடையிலுள்ள குழாயில் டி-இணைப்பு வைத்துத்தான் கேஜைப் பொருத்த வேண்டும். அதற்குப் பயன்படுத்தும் ஹோஸ் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு என்று தயாரிக்கப்பட்டதாக இருப்பது கட்டாயம். சாதாரண பெட்ரோல் டியூப் வெடித்துவிடும். இணைத்த பின் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

சாவி ஆன் செய்ததும் முள் நேராக 3 பாருக்கு ஏறி நிற்க வேண்டும். ரெகுலேட்டருடன் வேக்குவம் ஹோஸ் இணைந்த கார்களில், ஐடிலிங்கில் அது சுமார் 2.5-க்கு இறங்கும், அந்த ஹோஸைக் கழற்றினால் மீண்டும் 3-ஐ நெருங்கும். கழற்றிய ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. ரிட்டர்ன் குழாய் உள்ள காரில் அழுத்தம் குறைவாகக் காட்டினால், ரிட்டர்னின் ரப்பர் பகுதியை ஒரு நொடி மட்டும் அழுத்திப் பிடியுங்கள். முள் வேகமாக மேலே பாய்ந்தால் பம்புக்குப் பலம் இருக்கிறது, ரெகுலேட்டர்தான் பெட்ரோலைத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கிறது. முள் அசையவே இல்லை என்றால் தவறு பம்ப் பக்கம் அல்லது அதற்கு முன்பின் உள்ள அடைப்பு. பிளாஸ்டிக் குழாயை ஒருபோதும் நசுக்காதீர்கள்.

நின்ற இடத்தில் எல்லாம் சரியாகக் காட்டி, ஓடும்போது மட்டும் திணறும் காரில், கேஜை நீண்ட ஹோஸுடன் முன் கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்கு அடியில் பத்திரமாகக் கட்டிவிட்டு, ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் பார்க்கட்டும். கேஜ் காருக்குள் வரக் கூடாது. திணறும் அதே நொடியில் முள் 2 பாருக்குக் கீழே சரிந்தால் பெட்ரோல் பக்கம்தான் கோளாறு என்பது தீர்ந்த விஷயம். முள் அசையாமல் 3-இல் நிற்க, கார் மட்டும் திணறினால் பெட்ரோல் பம்பை மறந்துவிட்டு வேறு இடத்தில் தேடலாம்.

அழுத்தத்தோடு அளவையும் பார்ப்பவர்கள், 30 வினாடியில் ஏறக்குறைய அரை லிட்டர் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். சிறிய எஞ்சின்களுக்கு அது போதுமான அளவு.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் நேரம் எடுக்கிறது. அப்புறம் நாள் முழுவதும் சரியாக ஓடுகிறது. ஏன்?

இரவில் குழாயிலிருந்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. சாவியை ஆன் செய்து இரண்டு வினாடி பொறுத்து, ஆஃப் செய்து, இப்படி மூன்று முறை செய்த பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால் இந்த ஊகம் சரி. எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆன பின்னும் கேஜில் 2 பாருக்கு மேல் நிற்க வேண்டும். வேகமாக இறங்கினால், பம்பிலிருந்து வரும் ரப்பர் குழாயை அழுத்திப் பிடித்துவிட்டுப் பாருங்கள்: இறக்கம் நின்றால் பம்பின் ஒருவழி வால்வு கசிகிறது, தொடர்ந்தால் இன்ஜெக்டரோ ரெகுலேட்டரோ கசிகிறது. கசியும் இன்ஜெக்டர் என்றால் ஸ்டார்ட் ஆன உடனே கறும்புகையும் பெட்ரோல் வாசனையும் வரும். வால்வு மட்டும் கசியும் பம்ப் மற்றபடி இன்னும் நெடுநாள் உழைக்கக்கூடும். அந்த மூன்று முறை சாவிப் பழக்கத்தோடு அதை ஓட்டுவதில் தவறில்லை என்பது என் கருத்து.

ஃபில்டர் அடைப்பையும் பம்ப் தேய்மானத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எளிது. பம்புக்குப் பின்னால், அதாவது ஃபில்டரில் அடைப்பு இருந்தால், பம்ப் கூடுதலாகச் சிரமப்பட்டு வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் இழுக்கும். பம்புக்கு முன்னால் ஸ்ட்ரெய்னர் அடைபட்டிருந்தாலோ டேங்க் வற்றியிருந்தாலோ, தள்ளுவதற்குப் பெட்ரோல் இல்லாமல் குறைந்த ஆம்பியரில் கூச்சலுடன் ஓடும். மின்னோட்டமே இல்லையென்றால் உள்ளே பிரஷ் தேய்ந்து இணைப்பு அறுந்திருக்கும்.

தனி ஃபில்டர் உள்ள காரில், பழைய ஃபில்டரைக் கழற்றியதும் உள்ளே நுழையும் முனை கீழே இருக்குமாறு கவிழ்த்து, வெள்ளைக் கிண்ணத்தில் பெட்ரோலை வடித்துப் பாருங்கள். லேசான கறை சாதாரணம். டிகாக்‌ஷன் நிறத்தில், அடியில் செந்துகள் படிய வடிந்தால் டேங்க் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட டேங்க்கைக் கழுவாமல் புதிய பம்பைப் போடுவது பணத்தை வீணாக்குவதாகும்.

டேங்க் மூடியையும் மறக்க வேண்டாம். காற்று உள்ளே போகும் வழி அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தும் பெட்ரோல் வராது. கார் நின்றதும் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்து, உடனே ஸ்டார்ட் ஆனால் அதுதான் காரணம்.

டேங்க்கின் அடியில் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் தேய்ந்து, சுழலும் பகுதியிலுள்ள கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கும்போது, கையாலோ ரப்பர் சுத்தியலாலோ டேங்க்கின் அடியில் மெதுவாகத் தட்டினால் அதிர்வில் தொடர்பு ஏற்பட்டு மோட்டார் சுழலத் தொடங்கும். தட்டிய பிறகு ஸ்டார்ட் ஆனால், மின்சாரம் பம்ப் வரை வருகிறது, பழுது பம்புக்குள் இருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் தளர்ந்த கனெக்டரும் தட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மின்னழுத்தச் சோதனை அப்போதும் தேவை. அப்படி ஸ்டார்ட் செய்த காரை வீட்டுக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ மட்டும் கொண்டு செல்லுங்கள், நெடும்பயணம் வேண்டாம்.

ஸ்கேனர் மாட்டினால் பம்ப் கோளாறு தெரிந்துவிடாதா?

நேரடியாகத் தெரியாது. கோளாறுகளைக் குறியீடாகப் பதிந்து வைக்கும் ஓபிடி முறை வருவதற்கு முந்தைய பல கார்களில், கடைகளில் கிடைக்கும் பொதுவான ஸ்கேனர் பேசவே பேசாது. கம்பெனி ஸ்கேனர் வேண்டும். பேசும் கார்களில் பி0171 என்ற குறியீடு, எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். ஏன் போதவில்லை என்று சொல்லாது. இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃபியூல் டிரிம் எண்ணைப் பார்ப்பது பயனுள்ளது. ஐடிலிங்கில் சுழியத்தையொட்டி இருந்து, வேகத்திலும் சுமையிலும் கூட்டல் 15, 20 என்று ஏறினால் பெட்ரோல் வரத்துக் குறைவு என்று கொள்ளலாம். ஐடிலிங்கில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் இருந்தால் இன்டேக்கில் காற்றுக் கசிவு.

இ20 பெட்ரோல் பழைய பம்பைக் கெடுக்கிறதா?

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் வடிவமைக்கப்பட்ட கார்கள் இதை எதிர்பார்த்துத் தயாரிக்கப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய வகை ரப்பர் ஹோஸையும் ஓ-ரிங்கையும் உப்பவோ வெடிக்கவோ செய்யக்கூடும். டேங்க் சுவரில் படிந்த பிசுக்கைக் கரைத்து ஸ்ட்ரெய்னருக்குக் கொண்டுவரும். ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அங்கிருந்துதான். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் காரில் இந்த ஆபத்து அதிகம்.

கண்டறிதலிலும் இது குழப்பும். எத்தனால் கலந்த பெட்ரோல் எரிய, அதே அளவு காற்றுக்குச் சற்று அதிகப் பெட்ரோல் தேவை. ஆகவே நல்ல நிலையிலுள்ள பழைய காரில்கூட ஃபியூல் டிரிம் எல்லா வேகத்திலும் ஐந்தாறு சதவீதம் கூடுதலாகக் காட்டலாம். அதை மட்டும் பார்த்துப் பம்ப் வலுவிழந்துவிட்டது என்று முடிவு செய்வது தவறு.

எல்பிஜி, சிஎன்ஜி பொருத்திய காரில் பம்ப் அடிக்கடி போகிறது. காரணம் என்ன?

கேஸில் ஓடும்போதும் பம்புக்கு மின்சாரம் துண்டிக்கப்படாமல் இருந்து, டேங்க்கில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் மட்டுமே பெட்ரோல் இருந்தால், பம்ப் நாள் முழுவதும் வறண்டு ஓடித் தீய்ந்துபோகிறது. கிட் பொருத்தியவரிடம் பம்பைத் துண்டிக்கும் ரிலே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும், எஞ்சின் முதலில் பெட்ரோலில் தொடங்கிப் பிறகு கேஸுக்கு மாறும் என்பதால், டேங்க்கில் எப்போதும் கால் பாகமாவது இருக்கட்டும்.

கார்புரேட்டர் உள்ள மாருதி 800, அம்பாசடர், பத்மினி கார்களில் எப்படிச் சோதிப்பது?

இவற்றில் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும். கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலை ஆட்ட, டயஃப்ரம் பெட்ரோலை இழுத்துத் தள்ளும். அழுத்தம் 0.2, 0.3 பார் அளவே. கார்புரேட்டருக்குச் செல்லும் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, காயிலைத் துண்டித்துவிட்டுச் செல்ஃப் அடித்தால், விட்டு விட்டு வலுவாகப் பெட்ரோல் அடிக்க வேண்டும். பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் பெட்ரோல் சொட்டினால் டயஃப்ரம் கிழிந்துள்ளது. எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனையும் ஆயில் மட்டம் ஏறியிருப்பதும் சேர்ந்து தெரிந்தால், காரை ஓட்டாமல் பம்பையும் ஆயிலையும் உடனே மாற்ற வேண்டும். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

கோடையில் அம்பாசடர் ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைப்பார்கள். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வேப்பர் லாக் ஏற்படுவதற்கு அது முறையான தற்காலிகத் தீர்வு. ஈரத்துணி வைத்துப் பத்து நிமிடத்தில் கார் ஓடினால் பம்ப் கெடவில்லை, வெப்பம்தான் காரணம்.

டீசல் காருக்கும் இவை பொருந்துமா?

டேங்க்கிலுள்ள குறைந்த அழுத்தப் பம்பின் மின்னழுத்தச் சோதனை மட்டும் பொருந்தும். காமன் ரெயில் டீசலில் உயர் அழுத்தப் பக்கம் ஆயிரம் பாரைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதை முறையான கருவிகள் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிட வேண்டும்.

பம்ப்தான் கெட்டது என்று உறுதியாகிவிட்டது. மோட்டாரை மட்டும் மாற்றலாமா, முழு அசெம்ப்ளியும் வேண்டுமா?

மிதவை, கூடு, ஓ-ரிங் அமரும் இடம் எல்லாம் நன்றாக இருந்தால் மோட்டாரை மட்டும் மாற்றுவது போதும். செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் ஸ்ட்ரெய்னரையும் மேல் மூடியின் ரப்பர் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். கூட்டுக்குள் இருக்கும் சிறு ஹோஸ் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்று தயாரிக்கப்பட்டது. வெளியில் பயன்படும் ஹோஸை அங்கே போட்டால் சில மாதங்களில் ஊறி வெடித்து, டேங்க்குக்குள்ளேயே அழுத்தம் வீணாகும். சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் ஒரே காருக்குப் பல விலைகளில் பம்ப் கிடைக்கும். மிக மலிவானதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பம்பை உடன் கொண்டுபோய் முனைகளையும் கனெக்டரையும் ஒப்பிட்டு, கையேட்டில் உள்ள அழுத்தம் அதற்கு உண்டா என்று கேட்டு, பில்லுடன் வாங்குங்கள். பிரித்துக் கழற்றிய பழைய பம்பை வாங்கிப் போடுவதில் பொருளில்லை. அதன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

புதிய பம்ப் ஆறு மாதத்தில் மீண்டும் கெட்டுவிட்டது. யாரைக் குறை சொல்வது?

கெட்ட பம்பை எறிந்துவிடாதீர்கள். அதன் ஸ்ட்ரெய்னரை வெயிலில் காய வைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். செந்தூள் ஒட்டினால் டேங்க் துரு; கறுப்பாகப் பிசுபிசுத்தால் ரப்பர் ஹோஸ் கரைந்த கசடு. சுத்தமாக இருந்தால் கனெக்டரின் பின்களைப் பாருங்கள், எர்த் இணைப்பில் மின்னழுத்த இழப்பை அளந்து பாருங்கள், டேங்க் எப்போதும் ரிசர்விலேயே ஓடுகிறதா என்று யோசியுங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் பம்பின் தரத்தைக் குறை சொல்ல முடியும். வாரன்டி கோரும்போது, பொருத்திய அன்று எடுத்த மின்னழுத்தம், அழுத்தம் ஆகிய இரண்டு எண்களும் பில்லின் பின்புறம் குறிக்கப்பட்டிருந்தால் கடைக்காரருடன் வாதிட வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.